பசையமற்ற லாகர் பியர்

பசையமற்ற லாகர் பியர் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களைத் தவிர்த்து, சோளம், கேழ்வரகு, கம்பு, அரிசி போன்ற பசையம் இல்லாத தானியங்களிலிருந்து தயாரிக்கப்பட்டு, குறைந்த வெப்பநிலையில் நொதிக்கவைக்கப்படும் பியர் வகை ஆகும். பசையத்தை உட்கொள்ள இயலாத சீலியாக் நோயாளிகளுக்காகவே இது முதன்மையாக உருவாக்கப்பட்டது. மாவுச்சத்தை ஏறத்தாழ முழுமையாகச் சர்க்கரையாக மாற்றி, எஞ்சும் இனிப்பைக் குறைத்துத் தயாரிக்கப்படுவது இலேசு லாகர் எனப்படுகிறது.

பல நாடுகளில் இது வீட்டிலேயே சிறிய அளவில் தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் ஆகும். எனினும் இப்பியருக்கு வேண்டிய சோளம், கம்பு, கேழ்வரகு, அரிசி, மரவள்ளி மாவு ஆகிய அனைத்தும் பள்ளிபாளையம் உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளியின் வழக்கமான பொருட்களே. இந்தியாவின் மதுவிலக்கு வரலாற்றில் முக்கிய இடம் பெற்றதும் இதே பகுதியே.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டில் சோளம் என்பது சிறுமணிச் சோளத்தையும், மக்காச்சோளம் என்பது கதிர்ச் சோளத்தையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் சோளம் என்பது பெரும்பாலும் மக்காச்சோளத்தைக் குறிக்கும். சிறுமணிச் சோளம் அங்கு இறுங்கு எனப்படும். அவ்வாறே கேழ்வரகு இலங்கையில் குரக்கன் என வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் சோளம் என்பது தமிழக வழக்கிலேயே பயன்படுத்தப்படுகிறது.

பசையமும் சீலியாக் நோயும்

பசையம் என்பது கோதுமையிலும் அதன் உறவுத் தானியங்களிலும் காணப்படும் புரதங்களின் தொகுப்பு ஆகும். கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் ஆகியனவும், பார்லியில் ஹோர்டீனும், ரையில் செகலினும் உள்ளன. பரோட்டா மாவு இழுபடுவதற்குக் கோதுமையின் பசையமே காரணம்.

சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலில் நோய் எதிர்ப்பு அமைப்பு இப்புரதங்களுக்கு எதிராகச் செயற்பட்டுச் சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. இதனால் வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, இரத்தசோகை, எலும்பு மெலிவு முதலியன ஏற்படலாம். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் தன் ஆய்வேட்டில் விளக்கியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ ஆவார். இந்நோய்க்கு நிறுவப்பட்ட ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுதும் பசையத்தைத் தவிர்ப்பதே.

இந்தியாவில் இந்நோயின் பரவல் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி இது வட இந்தியாவில் 1.23 விழுக்காடும், வடகிழக்கில் 0.87 விழுக்காடும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காடும் ஆகும். தென்னிந்தியாவில் கோதுமை உண்பது குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நோயாளிகள் குறைவாக இருப்பதால் அவர்களுக்கான தனி உணவுப் பொருட்களும் இங்குக் குறைவாகவே கிடைக்கின்றன.

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மிகாத பசையம் உள்ளதையே பசையமற்றது எனக் குறிக்கலாம் என்பது கோடெக்ஸ் உணவு நெறி ஆணையத்தின் வரையறை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் இதே அளவைப் பின்பற்றுகிறது. வழக்கமான பியர் பார்லி மால்ட்டிலிருந்து செய்யப்படுவதால் இவ்வகையில் சேராது. அரிசியோ மக்காச்சோளமோ கலந்து செய்யப்படும் பியர்களிலும் பார்லி மால்ட் இருப்பதால் அவையும் சீலியாக் நோயாளிகளுக்கு ஏற்றவை அல்ல.

பசையம் குறைக்கப்பட்ட பியர்

பார்லி பியரில் ஒருவகை நொதியத்தைச் சேர்த்து ஹோர்டீனைத் துண்டுகளாக்கும் முறையும் உண்டு. இவ்வாறு செய்யப்படுபவை பசையம் குறைக்கப்பட்ட பியர் எனப்படுகின்றன. நொதித்த பானங்களில் உடைந்த புரதத் துண்டுகளைச் சரியாக அளப்பது கடினம். அளவியில் காட்டாத துண்டும் நோயாளியின் குடலைப் பாதிக்கலாம். எனவே நொதித்த உணவுகளைப் பொறுத்தவரை, நொதிக்கும் முன்னரே மூலப்பொருள் பசையமற்றதாக இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் வெளியிட்டது. பசையமற்ற தானியத்தில் தொடங்குவதற்கும் பசையத்தைப் பின்னர் நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு நோயாளிகளைப் பொறுத்தவரை இன்றியமையாதது.

வரலாறு

தமிழ் இலக்கியத்தில்

பார்லி இல்லாத பியர் புதிய கண்டுபிடிப்பு அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதியில், அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளையச் செய்து, பின் பிழிந்தெடுக்கும் மது விவரிக்கப்படுகிறது. சேர்க்கப்படும் பொருள் முளை என்பது உரைகளின் விளக்கம். அவ்விளக்கத்தின்படி இதில் பியரின் அடிப்படைப் படிகள் அனைத்தும் உள்ளன: மாவுச்சத்தை வேகவைத்தல், ஆறவைத்தல், முளைதானியத்தின் நொதியங்களைச் சேர்த்தல், நொதிக்கவைத்தல், வடிகட்டுதல். அதே நூலில் வீட்டில் சமைக்கப்பட்ட தோப்பி என்ற மதுவும் குறிப்பிடப்படுகிறது. இது நெல்லால் செய்த கள் என உரை கூறுகிறது.

பிற பகுதிகளில்

கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் லிம்பு மக்கள் அருந்தும் தோங்பா கேழ்வரகை நொதிக்கவைத்துச் செய்யப்படுவது. நொதித்த தானியத்தை மூங்கில் அல்லது மரக் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலால் அருந்துவர். தென்னாப்பிரிக்காவின் உம்கொம்போதி சோள மால்ட்டும் மக்காச்சோளமும் சேர்த்துச் செய்யப்படுகிறது. இவை கலங்கலாகவும் புளிப்பாகவும் இருப்பவை. சில நாட்களுக்குள் அருந்தப்படுபவை. தெளிவான, நீண்ட நாள் கெடாத லாகர் இவற்றினின்று வேறுபட்டது.

சோளத்திலிருந்து தெளிவான லாகரைப் பெருமளவில் தயாரிக்க முடியும் என்பதை நிறுவிய நாடு நைஜீரியா ஆகும். 1988இல் அந்நாட்டு அரசு பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தது. பார்லி விளையாத வெப்பநாடான நைஜீரியாவின் பியர் ஆலைகள் சோளத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் மாற வேண்டியதாயிற்று. சோளத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வெளியிலிருந்து நொதியங்களைச் சேர்க்கும் முறை அங்கு விரிவாகப் பயன்படுத்தப்பட்டது. நோக்கம் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதேயன்றிச் சீலியாக் நோய் அன்று.

லாகரும் இலேசு பியரும்

பொன்னிற லாகர் 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் என்பவரால் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய லாகர் ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தார். இந்த ஈஸ்ட் சாதாரண பியர் ஈஸ்ட்டுக்கும், குளிரைத் தாங்கும் மற்றோர் ஈஸ்ட்டுக்கும் பிறந்த கலப்பினம் ஆகும். இரண்டாவது பெற்றோரான சாக்கரோமைசிசு யூபயானசு 2011இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

1967இல் அமெரிக்க வேதியியலாளர் யோசப் ஓவேட்ஸ், ஈஸ்ட்டால் உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின் சர்க்கரைகளையும் நொதியத்தால் உடைத்துச் செய்த காப்ளிங்கர்ஸ் என்ற பியரை ரைன்கோல்டு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இலேசு பியரின் தொடக்கம் இதுவே. சோளத்தைச் சர்க்கரையாக்கவும் இதே வகை நொதியமே உதவுவதால், சோள லாகர் பெரும்பாலும் இயல்பாகவே இலேசு பியராக அமைகிறது.

2006ஆம் ஆண்டில் மில்வாக்கியின் லேக்ஃபிரண்ட் ஆலையின் நியூ கிரிஸ்ட், ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தின் ரெட்பிரிட்ஜ் ஆகிய சோள பியர்கள் அமெரிக்காவில் வெளிவந்தன. பார்ட்ஸ் என்ற மற்றொரு சோள பியரின் நிறுவனர்கள் இருவரும் சீலியாக் நோயாளிகள் ஆவர்.

மூலப்பொருட்கள்

* சோளம்: மாவுச்சத்து மிகுந்தது. மாவுச்சத்து கூழாகும் வெப்பநிலை ஏறத்தாழ 68 முதல் 78 பாகை செல்சியசு. பார்லியை விட இது அதிகம். மால்ட்டில் பீட்டா அமைலேசு என்ற நொதியம் குறைவு.
* கேழ்வரகு: எளிதில் முளைக்கும். இதன் மால்ட் தமிழ்நாட்டில் ராகி மால்ட் என்ற பெயரில் குழந்தை உணவாக நன்கு அறியப்பட்டது. பியருக்கு அடர்ந்த நிறமும் மணமும் தருவதால் இலேசு லாகரில் சிறிதளவே சேர்க்கப்படும்.
* கம்பு: முளைகட்டினால் நல்ல நொதியத் திறன் பெறும். கொழுப்பு அதிகம் என்பதால் மாவு விரைவில் சிக்கல் வாடை அடையும்.
* அரிசி: சுவையை மாற்றாமல் சர்க்கரையை மட்டும் தரும். குருணையே போதுமானது. முன்னரே வேகவைக்கப்பட வேண்டும்.
* மரவள்ளி மாவு: சேலம் பகுதியின் ஜவ்வரிசித் தொழிலின் மூலப்பொருள். புரதம் ஏறத்தாழ இல்லாததால் தனியே பயன்படாது. ஈஸ்ட்டுக்குப் புரத உணவு தேவை. 2011இல் மொசாம்பிக்கில் விற்பனைக்கு வந்த இம்பாலா என்ற பியர் மரவள்ளியிலிருந்து செய்யப்பட்டது. அதில் பார்லி மால்ட்டும் இருந்ததால் அது பசையமற்றது அன்று.
* ஹாப்ஸ்: கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ. கெடுக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றையும் தடுக்கிறது. பசையம் அற்றது.
* ஈஸ்ட்: சில ஈஸ்ட்கள் பார்லிச் சாற்றில் வளர்க்கப்படுவதால், பசையமற்ற ஊடகத்தில் வளர்த்ததா என்பதை உறையில் காண வேண்டும்.
* தண்ணீர்: நகராட்சிக் குடிநீரிலுள்ள குளோரின் மருந்து வாடையைத் தரும். சாதாரணக் குளோரினைக் கொதிக்கவைத்தோ ஓரிரவு திறந்து வைத்தோ நீக்கலாம்.

சோளத்தை மால்ட் ஆக்குதல்

சோளத்தைப் பல முறை நீர் மாற்றி ஏறத்தாழ ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியிலோ சாக்கிலோ பரப்பி, 25 முதல் 30 பாகை செல்சியசில் நான்கைந்து நாட்கள் முளைக்கவிடுவர். பார்லியை முளைகட்ட 15 பாகை அளவிலான குளிர் வேண்டும். சோளத்திற்கோ தமிழகச் சமவெளியின் இயல்பான வெப்பமே பொருத்தமானது. லாகர் நொதித்தலுக்குப் பகையான தட்பவெப்பம் மால்ட் தயாரிப்புக்கு நட்பாக உள்ளது. முளைத்த தானியம் 50 பாகைக்கு மிகாமல் உலர்த்தப்பட்டு, வேரும் முளையும் தேய்த்து நீக்கப்படும்.

இந்த நீக்கம் தோற்றத்திற்காகச் செய்யப்படுவது அன்று. முளைத்த சோளத்தின் குருத்திலும் வேரிலும் தூரின் என்ற சேர்மம் உருவாகிறது. இது சிதைந்தால் ஹைட்ரசன் சயனைடு என்ற நச்சு வெளிப்படும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடுகள் இறப்பதற்கும் இதுவே காரணம் என்பதைக் கொங்குப் பகுதி உழவர்கள் நன்கு அறிவர். முளையையும் வேரையும் நீக்குதல், நன்கு உலர்த்துதல், திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தல் ஆகிய மூன்றும் இந்நச்சைக் குறைக்கின்றன. ஹைட்ரசன் சயனைடு 26 பாகை செல்சியசு அளவிலேயே ஆவியாகக் கூடியது என்பதால் மூடியிடாமல் கொதிக்கவைத்தல் அவசியம். முளைத்த சோளத்தை வேகவைக்காமல் உண்பது தவிர்க்கப்பட வேண்டும்.

தயாரிப்பு முறை

வீட்டில் பியர் தயாரிப்பது அனுமதிக்கப்பட்ட நாடுகளில் பின்பற்றப்படும் பொதுவான முறை கீழே தரப்படுகிறது. அளவுகள் 10 லிட்டர் பியருக்கானவை. சோள மால்ட்டும் அரிசியும் சேர்த்து ஏறத்தாழ 1.8 கிலோ தேவைப்படும். இதில் மூன்றில் இரு பங்கு சோள மால்ட், ஒரு பங்கு அரிசி.

1. பிரித்தல்: சோள மால்ட் மாவை 45 பாகை செல்சியசு நீரில் கலந்து அரை மணி நேரம் வைத்தால் நொதியங்கள் நீரில் கரையும். மாவு படிந்ததும் மேலேயுள்ள தெளிந்த நீர் தனியே எடுத்து வைக்கப்படும்.
2. வேகவைத்தல்: அடியில் தங்கிய மாவை அரிசியுடன் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவைத்துக் கூழாக்குவர். நொதியங்கள் இக்கொதியில் அழிந்துவிடும் என்பதாலேயே முதற்படியில் அவை பிரிக்கப்பட்டன.
3. சர்க்கரையாக்கல்: கூழ் 65 பாகைக்கு ஆறியதும் தெளிந்த நீர் மீண்டும் சேர்க்கப்படும். 60 முதல் 65 பாகைக்குள் ஒன்றரை மணி நேரம் காத்தால் கெட்டியான கூழ் நீர்த்து இனிப்படையும். வெளியிலிருந்து அமைலேசு, குளுக்கோஅமைலேசு நொதியங்களைச் சேர்த்தால் மாற்றம் முழுமையடைந்து பியர் இலேசாகும். ஒரு துளிச் சாற்றில் அயோடின் இட்டால் நீலநிறம் தோன்றாவிடில் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது எனப் பொருள்.
4. வடிகட்டல்: பார்லிக்கு உள்ளது போன்ற உமி சோளத்தில் இல்லை. எனவே கூழ் வடிதுணியை அடைத்துக்கொள்ளும். கழுவிக் கொதிக்கவைத்த நெல் உமியைக் கலந்தால் நீர் செல்ல வழி கிடைக்கும்.
5. கொதிக்கவைத்தல்: வடித்த சாற்றை மூடியின்றி ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பர். 10 முதல் 15 கிராம் ஹாப்ஸ் தொடக்கத்தில் இடப்படும். திரவமானியில் ஒப்படர்த்தி 1.036 அளவில் இருக்க வேண்டும்.
6. நொதித்தல்: சாற்றை விரைவாகக் குளிரவைத்து, நன்கு குலுக்கிக் காற்றேற்றி, லாகர் ஈஸ்ட் சேர்ப்பர். 10 முதல் 12 பாகையில் இரண்டு வாரம் நொதிக்கும். சோளச் சாற்றில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் குறைவாதலால் ஈஸ்ட் ஊட்டம் சேர்ப்பது வழக்கம். முடிவில் இரண்டு நாட்கள் 15 முதல் 18 பாகையில் வைத்தால் டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் வாடை நீங்கும்.
7. முதிரவைத்தல்: 0 முதல் 4 பாகையில் நான்கு வாரம் வைப்பதால் ஈஸ்ட் படிந்து பியர் தெளியும். லாகர் என்ற செருமானியச் சொல்லின் பொருள் சேமிப்பு என்பதே.
8. புட்டியில் அடைத்தல்: லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால், எஞ்சிய ஈஸ்ட் கரியமில வாயுவை உண்டாக்கி நுரையைத் தரும்.

ஒப்படர்த்தி 1.036இலிருந்து 1.004க்கு இறங்கினால் கனவளவில் ஏறத்தாழ 4.2 விழுக்காடு ஆல்ககால் இருக்கும். சோள பியரின் நுரை பார்லி பியரின் நுரை அளவுக்கு நிலைக்காது. நுரையைத் தாங்கும் புரதங்கள் சோளத்தில் குறைவு.

வெப்பநிலை

இம்முறையில் மிகக் கடினமான படி ஆறாவது ஆகும். நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினை என்பதால் கலனின் உள்வெப்பம் அறை வெப்பத்தை விடக் கூடுதலாக இருக்கும். 30 பாகைக்கு மேல் லாகர் ஈஸ்ட் பழவாடையுள்ள எஸ்தர்களையும் தலைவலி தரும் உயர் ஆல்ககால்களையும் மிகுதியாக உண்டாக்கும். புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களும் பெருகும். எனவே வெப்பநாடுகளில் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய குளிர்பதனப் பெட்டி இல்லாமல் லாகர் செய்ய இயலாது. சில லாகர் ஈஸ்ட் வகைகள் 18 முதல் 20 பாகையிலும் ஓரளவு தூய சுவை தருகின்றன. நார்வேயின் குவைக் ஈஸ்ட்கள் 30 பாகைக்கு மேலும் நன்கு செயற்படுகின்றன. எனினும் அவற்றில் செய்தது லாகர் எனக் கொள்ளப்படுவதில்லை.

பாதுகாப்பு

பசையக் கலப்பு: பொது மாவு அரவை நிலையத்தில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் சோளத்தை அரைத்தால் மாவில் பசையம் கலக்கும். சீலியாக் நோயாளிக்கு இச்சிறு கலப்பும் தீங்கானது. தானியத்தைப் பொறுக்கிக் கழுவி, தனி அரவைக் கருவியில் அரைப்பதே பாதுகாப்பானது. இது பியருக்கு மட்டுமன்றி கூழ், களி, அடை அனைத்துக்கும் பொருந்தும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்க்கப்படுவது உண்டு.

புட்டி வெடித்தல்: நொதித்தல் முடியும் முன் அடைத்தால் அழுத்தம் மிகுந்து கண்ணாடிப் புட்டி வெடிக்கும். குளுக்கோஅமைலேசு சேர்த்த பியரில் இவ்வாய்ப்பு அதிகம். மூன்று நாட்கள் ஒப்படர்த்தி மாறாமல் நின்ற பின்னரே அடைக்க வேண்டும்.

பூஞ்சை: ஈரமாகச் சேமித்த சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகலாம். கொதிக்கவைப்பதால் இது அழியாது. பூஞ்சை பிடித்த தானியத்தை மால்ட் ஆக்கக் கூடாது.

மெத்தனால்: பியர் காய்ச்சி வடிக்கப்படாத பானம். தானிய நொதித்தலில் மெத்தனால் மிகச் சிறிதளவே உருவாகிறது. கள்ளச்சாராய உயிரிழப்புகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால் நேர்பவை. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர். எனினும் மது எவ்வகையாயினும் கல்லீரலுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் தீங்கு தருவது என்பதும், சீலியாக் நோய்க்குப் பசையமற்ற பியர் மருந்து அன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

சட்டநிலை

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் பெறும் தேவை 1963இல் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் வீட்டுத் தயாரிப்புக்குக் கூட்டரசு வரிவிலக்கு அளித்தது. வயதுவந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், குடும்பத்திற்கு 200 காலன் என்பது அளவு.

இந்திய அரசியலமைப்பில் மது மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் மாறும். கர்நாடகத்தில் உரிமம் பெற்ற சிறு பியர் ஆலைகள் இயங்குகின்றன. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள் விற்பனை அனுமதிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி மது தயாரிப்பதும், அதற்கான பொருட்களையோ கருவிகளையோ வைத்திருப்பதும் இச்சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. சொந்தப் பயன்பாட்டுக்கு என்பதும் நோய் காரணமாக என்பதும் விலக்காகா. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் 2024இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

பள்ளிபாளையமும் மதுவிலக்கும்

பள்ளிபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள நகரம். விசைத்தறிகளுக்கும் காகித ஆலைக்கும் பெயர் பெற்றது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இது, 1997 சனவரியில் அம்மாவட்டம் உருவாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இப்பகுதியில் மது எதிர்ப்பு நீண்ட வரலாறு உடையது. 1921இல் ஆற்றின் மறுகரையிலுள்ள ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றது. 1925இல் இராசகோபாலாச்சாரி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, சுற்றுக் கிராமங்களில் மதுவுக்கு எதிராகப் பரப்புரை செய்தார். அங்கிருந்து 1929இல் வெளிவரத் தொடங்கிய விமோசனம் என்ற மதுவிலக்கு இதழில் கல்கி துணையாசிரியராகப் பணியாற்றினார். இராசகோபாலாச்சாரி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிபாளையமும் அதில் அடங்கும். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் விரிவடைந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள் இறக்குவது தடை செய்யப்பட்டு இன்றும் தொடர்கிறது. 2003 இறுதியிலிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனம் வழியாக அரசிடமே உள்ளது. இதனால் பார்லி பியர் சட்டப்படி விற்கப்படுகையில், இயல்பாகவே பசையமற்ற கள் தடை செய்யப்பட்டுள்ளது. கள் தடையை நீக்கக் கோரிக் கொங்குப் பகுதி உழவர் அமைப்புகள் நீண்ட காலமாகப் போராடி வருகின்றன. மதுவால் குலைந்த குடும்பங்களைச் சுட்டி, எவ்வகை மதுவும் கூடாது என வாதிடுவோரும் இதே பகுதியில் வலுவாக உள்ளனர்.

மது அல்லாத மாற்றுகள்

பியரின் முதற்பாதி நுட்பங்கள் இப்பகுதியின் அன்றாட உணவிலேயே உள்ளன. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும் ராகி மால்ட், மால்ட் தயாரிப்பே ஆகும். முளைத்த மாவின் நொதியங்கள் மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி நீர்த்து, குழந்தைக்குச் செரிக்க எளிதாகிறது. கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்கவைக்கும்போது முதன்மையாகச் செயற்படுபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கோடையில் மோர், சின்ன வெங்காயம் சேர்த்து அருந்தப்படும் கூழ், தனி அரவை என்ற நிபந்தனை காக்கப்படின், சீலியாக் நோயாளிகளும் அருந்தத்தக்க பானம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* சீலியாக் நோய்
* கேழ்வரகு
* சோளம்
* கள்
* தமிழ்நாட்டில் மதுவிலக்கு
* பெரும்பாணாற்றுப்படை
* பள்ளிபாளையம்